“இதுக்கு வால் எங்கே, சார்?” – வகைப்பாடு கற்பித்த கழுத்துப்பட்டைப் பெக்கரி

ஏழாம் வகுப்பில் வகைப்பாட்டியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பல நாட்டு விலங்குகளின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, “இது எந்தக் குழுவைச் சேர்ந்தது?” என்று கேட்பதுதான் அன்றைய செயல்பாடு. வறண்ட மண்ணில், சப்பாத்திக்கள்ளிப் புதருக்குப் பக்கத்தில், சாம்பல் நிற விலங்கு ஒன்று நிற்கும் படம் வந்தது. “பன்றி!” என்று வகுப்பே குரல் கொடுத்தது. “ஆமாம், அமெரிக்கக் காட்டுப்பன்றி” என்று சொல்லிவிட்டு நானும் அடுத்த படத்துக்குப் போனேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “சார், இதுக்கு வால் எங்கே?”

எங்கள் பள்ளி மலையடிவாரத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் வீடுகளில் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். கிழங்கு முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து இரவுக் காவல் இருப்பார்கள். அந்த மாணவியும் தன் அப்பாவுடன் பரண் மீது உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் பன்றிகளைப் பார்த்தவள். “எங்க காட்டுக்கு வர்ற பன்னிக்கு வால் நல்லாத் தெரியும் சார், நுனியில முடி இருக்கும். இதுக்கு வாலே காணோமே” என்றாள்.

“படம் எடுத்த கோணத்தில் மறைந்திருக்கும், உட்காரும்மா” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை.

அன்று மாலை அந்தப் படம் எந்த விலங்கினுடையது என்று தேடினேன். அது கழுத்துப்பட்டைப் பெக்கரி. பன்றிக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கே அல்ல. வால் மறைந்திருந்ததற்குக் காரணம் கோணமும் அல்ல. அதன் வால் உடல் மயிருக்குள் மறைந்துபோகும் அளவுக்குச் சிறியது. மறுநாள் வகுப்புக்குப் போனதும், “நேற்று நான் சொன்னது தவறு. நம் வகுப்பில் ஒருவர்தான் சரியாகப் பார்த்திருக்கிறார்” என்று தொடங்கினேன். அதன்பின் மூன்று பாடவேளைகள் பெக்கரியோடு போயின. அந்த மூன்று பாடவேளைகளில் நாங்கள் கற்றதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

லின்னேயஸும் முதலில் பன்றி என்றார்

என் தவறுக்குப் பெரிய துணை ஒருவர் கிடைத்தார். வகைப்பாட்டியலின் தந்தை என்று நாம் கற்பிக்கும் கரோலஸ் லின்னேயஸ், 1758இல் இந்த விலங்குக்கு ‘சஸ் டஜாகு’ என்று பெயரிட்டார். ‘சஸ்’ என்பது பன்றிகளின் பேரினம். தோற்றத்தை வைத்து அவரும் பன்றியோடு சேர்த்திருந்தார். பின்னால் வந்தவர்கள் பல், கால், வயிறு என்று உறுப்பு உறுப்பாக ஒப்பிட்ட பிறகுதான் பெக்கரிக்குத் தனிப் பேரினமும் தனிக் குடும்பமும் கிடைத்தன. இன்று அதன் அறிவியல் பெயர் ‘டைகோட்டிலிஸ் டஜாகு’. ‘பெக்கரி டஜாகு’ என்ற பெயரிலும் பல நூல்களில் காணலாம்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், “அப்போ லின்னேயஸ் தப்பா சார்?” என்று கேட்டான். அவர் தம்மிடம் இருந்த சான்றுகளை வைத்துச் சொன்னார். கூடுதல் சான்று வந்ததும் அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது என்று விளக்கினேன். வகைப்பாடு என்பது மனப்பாடம் செய்யும் பட்டியல் அல்ல, சான்றுகளுக்கு ஏற்பத் திருத்தப்படும் கணக்கு என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பன்றியும் பெக்கரியும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. மாடு, ஆடு, மான், ஒட்டகம் எல்லாம் இடம்பெறும் இரட்டைப்படைக் குளம்பிகள் என்ற வரிசை அது. அதற்குள் பன்றிகளின் குடும்பம் ‘சூயிடே’. பெக்கரிகளின் குடும்பம் ‘டயாசுயிடே’. இரண்டின் முன்னோர்களும் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனி வழிகளில் பிரிந்துவிட்டார்கள். பன்றிகள் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் வளர்ந்தன. பெக்கரிகள் வட அமெரிக்காவில் வாழ்ந்து, பனாமா நிலப்பாலம் உருவான பிறகு தென் அமெரிக்காவுக்கும் பரவின. பெக்கரியைப் பன்றியின் தூரத்து உறவு என்று சொல்லலாம்; பன்றி என்று சொல்ல முடியாது.

அமெரிக்கக் கண்டங்களில் இயற்கையாக வாழ்ந்த பன்றியே கிடையாது. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாவது பயணத்தில் கரீபியத் தீவுகளுக்குப் பன்றிகளைக் கப்பலில் கொண்டுபோனார். பிறகு வந்த ஐரோப்பியர்களும் கொண்டுவந்தார்கள். தப்பி ஓடியவை காட்டில் பெருகின. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இன்று பெக்கரிகளும் அந்தக் காட்டுப்பன்றிகளும் ஒரே நிலத்தில் வாழ்கின்றன. “அமெரிக்கக் காட்டுப்பன்றி” என்ற பெயருக்குப் பொருந்தும் விலங்கு உண்மையில் அமெரிக்காவுக்கு வந்தேறிய ஒன்று!

எங்கே வேறுபடுகின்றன?

இரண்டாம் நாள் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதினோம். காட்டுப்பன்றிப் பக்கத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் அனுபவத்திலிருந்தே நிரப்பினார்கள். பெக்கரிப் பக்கத்துக்கு நான் தகவல் தந்தேன்.

உடல்: நம் காட்டுப்பன்றி நன்கு வளர்ந்தால் 100 கிலோவையும் தாண்டும். பெக்கரி ஏறத்தாழ 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். நீளம் சுமார் ஒரு மீட்டர். கறுப்பும் வெள்ளையும் கலந்த முரட்டு மயிர். தோளைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று மாலை போட்டது போல ஓடும். கழுத்துப்பட்டை என்ற பெயர் அதனால்தான்.

கோரைப்பற்கள்: பன்றியின் மேல் கோரைப்பற்கள் வெளிப்புறமாக மேல்நோக்கி வளையும். பெக்கரியின் மேல் கோரைப்பற்கள் நேராகக் கீழ்நோக்கி இருக்கும். மேலும் கீழும் உள்ள பற்கள் ஒன்றோடொன்று உரசி, கத்தி தீட்டியது போலக் கூர்மையாகவே இருக்கும். அச்சுறுத்தப்பட்டால் பெக்கரி இந்தப் பற்களைக் கடகடவென்று அடித்து எச்சரிக்கும்.

மொத்தப் பற்கள்: பன்றிக்கு 44, பெக்கரிக்கு 38.

பின்னங்கால் விரல்கள்: பன்றிக்கு 4, பெக்கரிக்கு 3. முன்னங்காலில் இரண்டுக்கும் 4.

குட்டிகள்: காட்டுப்பன்றி ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் வரை போடும், குட்டிகளின் உடலில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும். பெக்கரியின் சினைக்காலம் ஏறத்தாழ 145 நாட்கள். பெரும்பாலும் இரண்டே குட்டிகள்தான். அவை செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். பிறந்த ஓரிரு நாளில் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும்.

வயிறு: பன்றிக்கு எளிய ஓரறை வயிறு. பெக்கரியின் வயிறோ பல அறைகளாகப் பிரிந்தது. அங்கு வாழும் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து செரிமானத்துக்கு உதவுகின்றன.

வயிறு என்றதும் ஒரு மாணவன், “அப்போ இது மாடு மாதிரி அசை போடுமா?” என்றான். போடாது. மாட்டைப் போன்ற நொதித்தல் அமைப்பு இருந்தாலும் பெக்கரி அசைபோடும் விலங்கு அல்ல. நார் மிகுந்த உணவைச் செரிக்க வேண்டிய தேவை இரு வேறு விலங்குக் குடும்பங்களில் ஒத்த அமைப்புகளைத் தனித்தனியாக உருவாக்கியிருக்கிறது. பன்றி போன்ற முகத்தைப் பார்த்து அதைப் பன்றி என்று சொன்னது எப்படித் தவறோ, அப்படியே வயிற்றை மட்டும் பார்த்து மாட்டோடு சேர்ப்பதும் தவறு. ஒரு பண்பை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதை அந்தக் கேள்வியே விளக்கிவிட்டது.

பாலைவனம் முதல் மழைக்காடு வரை

பெக்கரி வாழும் பரப்பு மிகப் பெரியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மாநிலங்களில் தொடங்கி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, அமேசான் காடுகள் வழியாக அர்ஜென்டினாவின் வடபகுதி வரை அது வாழ்கிறது. பாலைவனம், முட்புதர்க் காடு, வறண்ட இலையுதிர்க் காடு, வெப்பமண்டல மழைக்காடு என எல்லா வாழிடங்களிலும் தாக்குப்பிடிக்கிறது.

சொனோரன் பாலைவனத்தில் கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். பெக்கரிகள் பகல் முழுவதும் பாறைக் குகைகளிலும், ஓடைக்கரைப் புதர் நிழலிலும் படுத்திருந்து, விடியலிலும் அந்தியிலும் இரை தேடும். குளிர்காலத்தில் இந்த நேர அட்டவணை மாறும். பகலில் மேய்ந்து, இரவில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக் குளிரைத் தாங்கும். பாலைவனத்தில் அதற்கு முக்கிய உணவு சப்பாத்திக்கள்ளி. சதைப்பற்றுள்ள அந்தத் தண்டை முள்ளோடு கடித்துத் தின்னும். கள்ளியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், குடிக்க நீர் கிடைக்காத நாட்களில் உணவே தண்ணீராகவும் பயன்படுகிறது. கற்றாழை போன்ற அகேவ் செடிகள், கிழங்குகள், காய்கனிகள், புழு பூச்சிகள் ஆகியவையும் அதன் உணவில் உண்டு.

மழைக்காட்டில் அதே விலங்கு பனை வகை மரங்களின் பழங்களையும் விதைகளையும் தேடித் தின்னும். சில விதைகளை மென்று அழிக்கும். சிலவற்றை வேறிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெக்கரிகள் புரளும் சேற்றுக் குழிகளில் நீர் தேங்கி, தவளைகள் முட்டையிடும் சிறு குட்டைகளாகின்றன. பெக்கரியை ஜாகுவாரும் பூமாவும் வேட்டையாடும். ஓர் உணவு வலையில் ஒரே விலங்கு எத்தனை முடிச்சுகளைப் பிணைக்கிறது என்று காட்டப் பெக்கரி பொருத்தமான எடுத்துக்காட்டு.

இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு பாலம் இருக்கிறது. நம் தரிசு நிலங்களிலும் வேலியோரங்களிலும் நிற்கும் சப்பாத்திக்கள்ளியின் பூர்விகம் அமெரிக்கக் கண்டங்கள்தான். இலைகள் முட்களாகி, தண்டு இலையின் வேலையைச் செய்யும் இலைத்தொழில் தண்டுக்கு நாம் காட்டும் எடுத்துக்காட்டு அது. “இதைத் தின்று வாழும் ஒரு விலங்கு இருக்கிறது, அது இதன் சொந்த ஊரில் இருக்கிறது” என்றதும், தினமும் பார்க்கும் கள்ளியைப் பிள்ளைகள் புதிதாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முதுகில் ஒரு தொப்புளா?

பெக்கரியின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், ஒரு மணச்சுரப்பி இருக்கிறது. முதலில் அதைப் பார்த்த ஐரோப்பியர்கள் இந்த விலங்குக்கு முதுகில் ஒரு தொப்புள் இருப்பதாக எழுதிவைத்தார்கள். ‘டைகோட்டிலிஸ்’ என்ற பெயரின் பொருளே இரு குழிவுகள் என்பதுதான். கூட்டத்தில் இரண்டு பெக்கரிகள் எதிரெதிர்த் திசையில் பக்கவாட்டில் நின்று, ஒன்றின் சுரப்பியில் மற்றது முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். இப்படிக் கூட்டம் முழுவதற்கும் ஒரே பொது வாசனை ஏற்படுகிறது. பெக்கரிக்குக் கண்பார்வை மந்தம், மூக்குதான் துணை. எனவே உறவை அது அறிந்துகொள்வது வாசனையால்தான். பாறைகளிலும் மரங்களிலும் சுரப்பியைத் தேய்த்துத் தன் எல்லையையும் அது குறித்துவைக்கும். பொதுவாக 5 முதல் 15 வரை உறுப்பினர்கள் ஒரு கூட்டத்தில் இருப்பார்கள். உண்பது, உறங்குவது, காவல் எல்லாம் சேர்ந்தே.

எட்டு வயது மாணவனின் கேமரா

மூன்றாம் நாள் நான் சொன்ன நிகழ்ச்சிதான் பிள்ளைகளின் மனதில் அதிகம் தங்கியது. 2017இல் அரிசோனாவில், எட்டு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், தன் வீட்டருகே ஒரு பெக்கரி இறந்துகிடப்பதையும், கூட்டத்தின் மற்ற பெக்கரிகள் அதைச் சுற்றி வருவதையும் பார்த்தான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, அசைவை உணர்ந்து தானாகப் படமெடுக்கும் கேமரா ஒன்றை அங்கே வைத்தான். சுமார் பத்து நாட்கள் பெக்கரிகள் அந்த உடலைத் தேடி வந்துகொண்டே இருந்தன. முகர்ந்தன, மூக்கால் தள்ளின, தூக்க முயன்றன, அருகில் படுத்து உறங்கின. உடலைத் தின்ன வந்த கயோட்டி நாய்களை விரட்டின.

கண்காட்சியில் அதைப் பார்த்த பெக்கரி ஆய்வாளர் ஒருவர் திகைத்துப்போனார். காட்டுப் பெக்கரிகளிடம் இத்தகைய நடத்தை அதுவரை பதிவாகியிருக்கவில்லை. அந்தப் பதிவுகள் விலங்கு நடத்தையியல் ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தன. கட்டுரை ஆசிரியர்களில் அந்தச் சிறுவனும் ஒருவன்.

“பாவம் சார், அழுதிருக்கும்” என்றாள் ஒரு சிறுமி. அந்தச் சிறுவன் அழுததாக எழுதவில்லை. எத்தனை வந்தன, என்ன செய்தன என்று பதிவு செய்தான். உணர்ச்சியை ஊகிப்பதும் உற்றுநோக்கியதை எழுதுவதும் வேறு வேறு என்று அங்கே பேச முடிந்தது.

இதனோடு இன்னொரு செய்தியையும் சேர்த்தேன். பெக்கரிகளில் மூன்று இனங்கள் உண்டு: கழுத்துப்பட்டைப் பெக்கரி, வெள்ளுதட்டுப் பெக்கரி, சாக்கோ பெக்கரி. இவற்றில் சாக்கோ பெக்கரியை 1930இல் தொல்லுயிர் எச்சங்களை வைத்து அறிவியலாளர்கள் விவரித்தார்கள். அழிந்துபோன இனம் என்று கருதினார்கள். 1970களில் பராகுவே நாட்டில் அது உயிரோடு இருப்பது தெரிய வந்தது. அந்தப் பகுதி மக்களுக்கோ அது ‘தாகுவா’ என்ற பெயரில் எப்போதும் தெரிந்த விலங்குதான்! அறிவியல் அவர்களிடம் கேட்கத் தாமதமாகிவிட்டது. இன்று அந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது. கழுத்துப்பட்டைப் பெக்கரிக்கு இப்போதைக்கு அந்த ஆபத்து இல்லை.

மனிதர்களுக்கு அருகில்

நகரம் விரிய விரியப் பெக்கரிகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 2023இல் அரிசோனாவின் செடோனா பகுதியில் ஒரு கோல்ஃப் திடலின் புல்தரையை அவை உழுததுபோலக் கிளறிப்போட்ட காட்சி உலகெங்கும் பரவியது. நீர் பாய்ச்சிய ஈர மண்ணில் புழுக்களைத் தேடி வந்தவை அவை. அரிசோனாவில் மக்கள்தொகை மிகுந்த மாவட்டங்களில் பெக்கரிக்கு உணவு வைப்பது சட்டப்படி குற்றம். உணவு கிடைத்துப் பழகிய பெக்கரி மனிதரிடம் அச்சம் இழந்து, ஒருநாள் கடிக்கவும் கூடும். மிரண்ட கூட்டம் நாலா திசையிலும் சிதறி ஓடும்போது, தம்மைத் தாக்க வருவதாகவே மக்கள் நினைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது எளிதாகப் புரிந்தது. பயிரை இழந்த குடும்பத்தின் வேதனையும் அவர்களுக்குத் தெரியும். காட்டு விலங்கின் பசியும் தெரியும். “யார் பக்கம் நியாயம்?” என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். நான் தீர்ப்பு சொல்லவில்லை.

உங்கள் வகுப்பறையில்

1. பெயர் சொல்லாமல் பார்: ஒரு விலங்கின் படத்தை மூன்று நிமிடம் அமைதியாகப் பார்க்கச் செய்து, பெயரை எழுதாமல் ஐந்து பண்புகளை மட்டும் எழுதச் சொல்லலாம். பெயர் வந்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் வாய்மொழியாகச் செய்யலாம்.

2. போல இருப்பவை: தவளை–தேரை, தட்டாம்பூச்சி–ஊசித்தட்டான், டால்பின்–சுறா, வௌவால்–பறவை போன்ற இணைகளைக் கொடுத்து, மூன்று ஒற்றுமைகளையும் மூன்று வேற்றுமைகளையும் பட்டியலிடச் செய்யலாம். எந்த வேற்றுமை வகைப்பாட்டுக்கு முக்கியம் என்று குழுவில் விவாதிக்கட்டும்.

3. கள்ளியைப் பார்: சப்பாத்திக்கள்ளியைத் தொடாமல் உற்றுநோக்கிப் படம் வரைதல். அதன் நுண்முட்கள் தோலில் குத்தினால் எடுப்பது கடினம், எச்சரிக்கை தேவை.

4. ஒரு வார நோட்டு: வீட்டருகே உள்ள ஏதேனும் ஓர் உயிரினத்தை ஏழு நாட்கள், ஒரே நேரத்தில் கவனித்து நான்கு வரி எழுதுதல். காட்டு விலங்குகளை நெருங்கக் கூடாது.

மதிப்பீட்டு வினாக்கள்: பெக்கரியும் பன்றியும் ஒரே வரிசையில் இருந்தும் வேறு குடும்பங்களில் வைக்கப்படுவது ஏன்? பல அறைகள் கொண்ட வயிறு இருந்தும் பெக்கரி ஏன் அசைபோடும் விலங்காகக் கருதப்படுவதில்லை? குடிக்க நீர் கிடைக்காத பாலைவனத்தில் பெக்கரி எவ்வாறு வாழ்கிறது?

இப்போது என் வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. ‘சார் சொன்னதில் சந்தேகம்’ என்று பிள்ளைகளே தலைப்பு வைத்திருக்கிறார்கள். என்னிடம் உடனே விடை இல்லாத கேள்விகள் அதில் ஏறும். மறுநாள் சேர்ந்து தேடுவோம். அதில் முதலில் எழுதப்பட்ட கேள்வி, “இதுக்கு வால் எங்கே?” அதற்கு விடை கிடைத்துப் பல வாரங்கள் ஆகிவிட்டன. அந்த மாணவி ஒவ்வொரு முறையும் கரும்பலகையைத் துடைக்கும்போது அந்த வரியை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுகிறாள். நானும் ஒன்றும் சொல்வதில்லை.